கொடுக்க முடிந்த அளவு

செங்கமலத்தின் வீட்டுப் பேட்டரியைப் போல ஒரு பேட்டரி கருவேலந்துறையில் இன்னொரு வீட்டில் கிடையாது. ஊர் முழுக்க சோலார் மாட்டிக் கொடுத்த டைட்டஸே தன் வாயால் சொன்ன வார்த்தை இது. சொன்ன நாளிலிருந்து செங்கமலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இட்லி மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "வாங்கி எத்தனை வருஷமாச்சு, இன்னும் புதுசு மாதிரியே இருக்குன்னு டைட்டஸ் தம்பி சொல்லுச்சு" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் பாத்திரத்தைக் கையில் கொடுக்க மாட்டாள்.

மூன்றாவது புயலோடு அந்தக் கடலோரத்துக்குக் கரண்ட் கம்பம் என்கிற சமாச்சாரமே முடிந்துபோயிருந்தது. நட்ட கம்பமெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொண்டால் அரசாங்கமும்தான் என்ன செய்யும்? இனி லைன் இழுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூரைக்குக் கூரை சோலார் தகடு, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், பேட்டரி. அவரவர் வெயில் அவரவருக்கு என்று ஆகிவிட்டது.

அந்த மூன்றாவது புயலைச் செங்கமலம் மறக்கவே மாட்டாள். வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் அது. மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் கத்திக்கொண்டே இருந்தான், கொஞ்ச நேரத்தில் போனும் செத்துப்போனது. ஒரு கல்யாண வீட்டுக்கு அரைத்து வைத்த மாவு பிரிட்ஜுக்குள் புளித்துப் பொங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது. வாரக்கணக்கில் இருட்டு. தனியாக உட்கார்ந்து அந்தப் புளிச்ச நாற்றத்தை மோந்துகொண்டே இருந்தவள், இனி ஜென்மத்துக்கும் இந்தக் கதி வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்தாள்.

அதனால்தான் டைட்டஸ் அளவெடுக்க வந்தபோது அவனைக் கேள்வி கேட்டே துளைத்து எடுத்துவிட்டாள். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும், பொறுமைசாலி.

"கிரைண்டர் வச்சிருக்கீங்கம்மா. அது ஓடறப்ப ஒரு பங்கு கேட்டா, கெளம்பறப்ப மூணு பங்கு கேக்கும். சின்ன இன்வெர்ட்டர் வாங்கினா நீங்க சுவிட்ச் போடறப்பல்லாம் கத்தும். கொஞ்சம் பெருசாவே வாங்கிடுங்க."

"பேட்டரி?"

"ஆசிட் பேட்டரி வெல கம்மி. ஆனா தண்ணி ஊத்தணும், பாதிக்கு மேல எறக்கினா சீக்கிரம் செத்துடும். லித்தியம் வாங்குங்க. அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் உள்ள கெடக்கட்டும். முழுசா வழிச்சு எடுக்காதீங்க. வெயில் படாம, காத்தோட்டமா வைங்க. மேல எதையும் போட்டு மூடாதீங்க. அவ்வளவுதான், ஒங்களை விட்டு எங்கயும் போவாது."

அவன் சொன்னதற்கு மேலேயே செய்தாள் செங்கமலம். பேட்டரிக்கென்று வடக்குப் பக்கத்து அறையைக் காலி பண்ணினாள். மழை வரும்போல இருந்தால் அன்று கிரைண்டர் போடுவதையே தள்ளிப்போடுவாள். தகட்டில் காக்கா எச்சம் விழுந்தால் ஏணி போட்டு ஏறித் துடைத்துவிட்டுத்தான் மறு வேலை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தால்கூட காற்றுப் போகிற ஓட்டையை விட்டுத் தள்ளித்தான் வைப்பாள். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பார்த்தாளா என்று கேட்டால் சந்தேகம்தான்.

பக்கத்து வீட்டுப் பரிமளம் இதற்கு நேர் எதிர். அவள் வீட்டுப் பேட்டரி, ஓடித் தேய்ந்த எலக்ட்ரிக் ஆட்டோக்களிலிருந்து கழற்றிக் கட்டியது. டைட்டஸ்தான் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான், அவளால் முடிந்தது அதுதான். அதையாவது ஒழுங்காக வைத்துக்கொண்டாளா? தெருவில் போகிறவனெல்லாம் போனை நீட்டுவான், சொருகி வைப்பாள். வலைக்காரப் பெண்கள் ஐஸ் கட்டிக்குப் பிரிட்ஜைக் கேட்பார்கள், திறந்து விடுவாள். தினம் தினம் அடிவரைக்கும் இறங்கிவிடும். டைட்டஸ் வரும்போதெல்லாம் திட்டிவிட்டுப் போவான். "அதுக்கென்ன தம்பி, கேட்டா எப்படி இல்லங்கறது?" என்று சிரிப்பாள். அவள் புருஷன் துரைக்கண்ணு உப்பளத்தில் காலமெல்லாம் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், காற்றைப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி, ராத்திரி பகலாக முனகிக்கொண்டே இருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் அந்த முனகல் செங்கமலத்துக்கும் பழகிப்போயிருந்தது.

அப்புறம்தான் கரண்டைப் பங்கு போடுகிற அந்தச் சுவர்ப் பெட்டி வந்தது. இரண்டு இரண்டு வீடாகச் சேர்த்து நடுவில் ஒரு கம்பி இழுத்து, ஆளுக்கொரு பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். ஒரு வீட்டில் கரண்ட் குறைந்தால் இன்னொரு வீட்டைக் கேட்கும். அந்த வீடு சரி என்றால் கொஞ்சம் தள்ளிவிடும். ஊர்க்காரர்கள் அதற்குப் பங்காளி என்று பேர் வைத்தார்கள்.

"பங்காளின்னா வெட்டுக்குத்துல முடியுமேடா தம்பி" என்றாள் செங்கமலம்.

"இது நல்ல பங்காளிம்மா" என்றான் டைட்டஸ். "மொதல்ல எல்லாத்துக்கும் ஒங்களைக் கேக்கும். போகப்போக ஒங்க மனசைப் படிச்சுக்கும். அப்புறம் தொந்தரவே பண்ணாது."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பரிமளம் வீட்டில் இறங்கினால் செங்கமலத்தின் பெட்டி மணியடித்து, "பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் தேவைப்படுகிறது. கொடுக்கலாமா?" என்று வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் கேட்கும். "கொடு, கொடு, அதுக்கென்ன" என்பாள் செங்கமலம். மறுநாள் சுவருக்கு மேலே பரிமளத்தின் முகம் தெரியும். கூடவே ஒரு கிண்ணத்தில் இறால் தொக்கு வரும்.

கோளாறு ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. சாயங்காலம் விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுவிட்டு நிமிர்கிறாள், பெட்டி மணியடிக்கிறது. கொடுக்கலாமா?

செங்கமலத்துக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு உப்பு போகக் கூடாது, எண்ணெய் போகக் கூடாது, தயிர் போகக் கூடாது, காசு போகவே கூடாது. கரண்ட் இதில் சேர்த்தியா இல்லையா? யாரைப் போய்க் கேட்பது? எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கும்? பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, வீட்டுக்கு வெளிச்சம் தருவது, அது லட்சுமி இல்லாமல் வேறென்ன என்று அவளுக்குத் தோன்றியது. கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது.

இல்லை என்பதற்குப் பெட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. இப்போது வேண்டாம். எனக்கே தேவை. சார்ஜ் இல்லை. எதை அழுத்தினாலும் அந்தக் காரணம் அந்த வீட்டுப் பெட்டிக்குப் போய்விடும். முதல் இரண்டும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். தயிர் கேட்டு வந்தவளிடம் தர மாட்டேன் என்றா சொல்வோம்? இப்பத்தான் தீர்ந்துச்சு என்போம். செங்கமலம் மூன்றாவதை அழுத்தினாள். பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது.

மறுநாள் பரிமளம் சுவர் வழியாக எட்டிப்பார்த்தாள். "என்னக்கா, ஒங்களுக்கும் எறங்கிடுச்சாமே?"

"ஆமாடி. என்ன மாயமோ, திடீர்னு எறங்கிப்போச்சு."

"அடக்கடவுளே, சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தள்ளியிருப்பேனே" என்றாள் பரிமளம்.

ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தால் சரி. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தானே என்று தோன்றியது. அப்புறம் அமாவாசை. அப்புறம், விளக்கு வைத்தால் விளக்கு வைத்ததுதானே, அதில் என்ன கிழமை? உண்மையைச் சொன்னால், சாஸ்திரம் பாதி, எரிச்சல் பாதி. நான் ஏணி ஏறித் துடைப்பேனாம், அவள் ஊருக்கெல்லாம் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பாளாம், அப்புறம் என்னைக் கேட்பாளாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் புகைந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்றாவது பொத்தான்தான். ஒவ்வொரு தடவையும் மனசு கொஞ்சம் குறுகுறுக்கும். பாவம், அந்த மனுஷன் மூச்சுக்குத் திணறுகிறாரே என்று இருக்கும். ஆனால் மிஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பெட்டியின் நெற்றியில் இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று தன் வீட்டுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு. அந்த வீடு கரண்ட் கேட்டுக் கிடைக்காதபோது பக்கத்து வீட்டு விளக்கு சிவக்கும்; அது அடிக்கடி சிவப்பாக எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மளிகைக் கடையில் கொடுத்த முருகன் காலண்டரைக் கொண்டுவந்து அதற்கு மேலேயே மாட்டிவிட்டாள்.

கொஞ்ச நாளில் காலண்டருக்குப் பின்னாலிருந்து பெட்டியே பேசியது. "நீங்கள் வழக்கமாக என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி உங்களைக் கேட்காமல் நானே பார்த்துக்கொள்ளட்டுமா?"

"நீயே பார்த்துக்க தாயி" என்றாள் செங்கமலம். தலையிலிருந்த அண்டாவை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மணி அடிக்கவே இல்லை.

அந்தக் கார்த்திகையில் வந்த புயல் கரையைக் கடக்கிற வழியாகத் தெரியவில்லை. கடலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மழையாக ஊற்றியது. நாள்கணக்கில் சூரியனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஊர் முழுக்கத் தண்ணீர். தெருவில் ஒவ்வொரு வீடாக இருண்டுகொண்டு வந்தது.

செங்கமலத்தின் வீடு மட்டும் இருளவில்லை. பிரிட்ஜ் ஓடியது, மின்விசிறி சுற்றியது, பகலிலேயே கவிந்த இருட்டுக்கு லைட்டும் எரிந்தது. தினமும் காலையில் இன்வெர்ட்டரைப் போய்ப் பார்ப்பாள். முதல் நாள் இருந்த அளவு அப்படியே இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் கூடவே இருந்தது. ஆகா, பராமரிப்புன்னா இதுதான் பராமரிப்பு என்று பூரித்துப்போனாள். மகனுக்குச் சொல்லலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை.

ஒரு மத்தியானம், காப்பி கலந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. மழைச் சத்தம் அப்படியேதான் இருந்தது. பிரிட்ஜ் சத்தமும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து முனகல்தான் இல்லை.

டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள். மிஷினுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்திருப்பார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாளே, அதை மாட்டியிருப்பாள். தேவையென்றால் கேட்க மாட்டாளா? வாய் இல்லாதவளா அவள்? கேட்டால் கொடுக்கலாம், இந்தத் தடவை சத்தியமாகக் கொடுக்கலாம். கேட்கட்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பரிமளம் தலைக்கு ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையம் அந்தப் பக்கம்தான். செங்கமலத்தின் வீட்டுக்கு நேராக வந்ததும் நின்று, நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

செங்கமலம் சட்டென்று பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தலைக்கு மேலே லைட் பளிச்சென்று எரிகிறதே, என்ன நினைப்பாள் என்று வெட்கம். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாசல் கதவைத் திறந்திருக்கலாம். அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். ஆறிப்போயிருந்தது.

பரிமளம் சிலிண்டரோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது துரைக்கண்ணு போய்ச் சேர்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த ஓலத்தைக் கேட்டுச் செங்கமலம் மழையில் தண்ணீருக்குள் விழுந்தடித்துக்கொண்டு போனாள். பரிமளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

தண்ணீர் வடிந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு டைட்டஸ் வந்தான். முகம் பேயடித்த மாதிரி இருந்தது. அவன் மாட்டிக் கொடுத்த பேட்டரி நின்றுபோய் ஒரு உயிர் போயிருக்கிறது, அவன் எப்படித் தூங்குவான்? முதலில் பரிமளம் வீட்டில் பார்த்தான். அப்புறம் இங்கே வந்தான். இன்வெர்ட்டரோடு ஒரு கையளவுத் திரையை இணைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன தம்பி, ஏதாச்சும் கோளாறா?"

"வெயிலே இல்லாத நாள்ல ஒங்க பேட்டரி ஏறியிருக்கும்மா. எப்படி?"

"நல்லா வச்சுக்கிட்டேன்ல..."

"எவ்வளவு நல்லா வச்சுக்கிட்டாலும் பேட்டரி கரண்டைப் பெத்துப் போடாதும்மா. உள்ள போட்டாத்தான் இருக்கும். யாரு போட்டா?"

டைட்டஸ் போய்க் காலண்டரை ஒதுக்கினான். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பெட்டி ஒங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு அந்த வீட்டுக்குச் சொல்லாதும்மா" என்றான் அவன், பெட்டியைப் பார்த்தபடியே. "யார் வீட்டுல என்ன இருக்குன்னு அடுத்த வீட்டுக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்னு அப்படிப் பண்ணாங்க. கொடுக்க முடிஞ்ச அளவு எவ்வளவோ அதை மட்டும்தான் சொல்லும். அதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நீங்க சொன்னதை வச்சுத்தான். நீங்க எப்பக் கேட்டாலும் சார்ஜ் இல்லன்னீங்க. அது படிச்சுக்கிச்சு. இந்த வீட்டுல கொடுக்க ஒண்ணுமே இல்லன்னு அந்த வீட்டுக்குச் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு."

"பொய்யா சொல்லுச்சு?"

"நீங்க சொன்னதைத்தாம்மா அதுவும் சொல்லுச்சு."

செங்கமலம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லம்மா" என்றான் டைட்டஸ். "பல நாளா ஒண்ணுமே இல்லாத வீடுன்னா, அந்தப் பக்கத்துப் பெட்டி என்ன நெனைக்கும்? பாவம், கஷ்டப்படற வீடு, கொடுக்கணும்னு நெனைக்கும். பரிமளக்கா ஒருநாளும் இல்லன்னு சொன்னதில்ல. அவங்க பெட்டி படிச்சுக்கிட்டது அது. மழை ஆரம்பிச்ச ரெண்டாம் நாள்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒங்க வீட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு. அவங்களுது தேஞ்சுபோன பேட்டரி. பாதி இருக்கு பாதி இருக்குன்னே காட்டும், திடீர்னு கைய விரிச்சிடும். அன்னைக்கு மத்தியானம் விரிச்சிடுச்சு."

வெளியே யாரோ மாவு கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. கூப்பிட்டவர் போய்விட்டார்.

"அந்த ஓட்டைப் பேட்டரியக் கொடுத்ததும் நான். படிச்சுக்கும், தொந்தரவே பண்ணாதுன்னு பெருமையாச் சொன்னதும் நான்." டைட்டஸ் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "ரெண்டு பெட்டியும் படிச்சதையெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்மா. ரெண்டு வீட்டுச் சம்மதமும் வேணும். பரிமளக்காகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் தம்பி."

"சொல்லிடுவீங்கல்ல?"

"அதான் சொல்றேன்னேன்ல" என்று எரிந்து விழுந்தாள். அவன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் போனாள். வந்த சனமெல்லாம் போய்விட்டிருந்தது. பரிமளம் காலிக் கட்டிலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆக்சிஜன் மிஷினை ஒரு பழைய வேட்டியால் சுற்றி ஓரமாக வைத்திருந்தாள். செங்கமலத்தைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள் செங்கமலம். பரிமளம், நான் ஒண்ணு சொல்லணும். இவ்வளவுதான் ஆரம்பம். அதற்குள் பரிமளமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். எம் மவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா. நாந்தாங்க்கா அவரக் கொன்னுட்டேன்."

"என்னடி பேச்சு இது?"

"மழை புடிச்சு ரெண்டாம் நாளு, ஒங்க வீட்டுல ஒண்ணுமே இல்லன்னு பெட்டி சொல்லுச்சு. நான் அவரப் பாத்தேன். அவரு குழாயை நகத்திட்டுச் சொல்றாரு, 'கொடு புள்ள, மாவுக்காரம்மா தனியாக் கெடக்கும், போன தடவ இருட்டுல என்னா பாடு பட்டுச்சு'ன்னு. சரி, நமக்குத்தான் பாதிக்கு மேல இருக்கேன்னு கொடுக்கச் சொல்லிட்டேன். எத்தனை நாளைக்குன்னு சொல்ல மறந்துட்டேங்க்கா. அது பாட்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருந்துருக்கு. நாம் பாத்துருக்கணும். பாக்கல."

செங்கமலம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், பரிமளம் விடவில்லை.

"மிஷினும் நின்னு, இருந்த சிலிண்டரும் தீந்ததும் ஒங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வரலாம்னு காலு போச்சு. இல்லாத வீட்டுல போயி எப்படிக் கேக்கறதுன்னு திரும்பிட்டேன். தண்ணியில போறப்ப நிமிந்து பாத்தேன், ஒங்க ஜன்னல்ல லைட்டு எரிஞ்சுச்சு. பரவால்ல, நாம கொடுத்தது அக்காவுக்காச்சும் ஒதவுதுன்னு நெனச்சுக்கிட்டே போனேன்." பரிமளம் மூக்கைச் சிந்தினாள். பிறகு கேட்டாள். "பத்துச்சாக்கா ஒங்களுக்கு?"

சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று செங்கமலத்துக்கு நன்றாகத் தெரிந்தது. பரிமளத்தின் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு உயிரைக் கொடுத்து அவள் வாங்கிய ஒரே ஆறுதல் அது. அதையும் பிடுங்குவதா என்று தோன்றியது. தன் தலை தப்ப வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே ஒளிந்திருந்தது என்பதையும் அவள் அறிவாள்.

"பத்துச்சுடி" என்றாள்.

பரிமளம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். "அது போதும். அவரு ஆத்மா அடங்கும்." பிறகு, "இனிமே இங்க எதுக்குக்கா கரண்டு? ஒரு லைட்டு போதும். மிச்சமெல்லாம் ஒங்களுக்கே போவட்டும்னு காலையிலதான் பெட்டிகிட்ட சொன்னேன். இனிமே என்னைக் கேக்கவே கேக்காதாம். எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும் ஒங்களுக்கு" என்றாள்.

செங்கமலம் எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்ததும் வராததுமாக, டைட்டஸ் நேற்றுத் திரும்பப் பேச வைத்துவிட்டுப் போன பெட்டி பேசியது. "பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது."

"வேணாம்" என்றாள். "நிறுத்து."

"புரியவில்லை" என்றது பெட்டி.

காலண்டரைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேட்பதற்குப் பொத்தான் இருந்தது. கொடுப்பதற்கு இருந்தது. கொடுக்க மறுப்பதற்கு ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. வருவதைப் போதும் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஒரு ஆள் இருப்பான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. பிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கினாள். லைட்டை அணைத்தாள், மின்விசிறியை அணைத்தாள். இன்வெர்ட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் எதையுமே செலவழிக்காததால் இன்னும் வேகமாக ஏறியது.

செருப்புக்கூடப் போடாமல் திரும்ப ஓடினாள். பரிமளம் அதே இடத்தில்தான் இருந்தாள்.

"நிறுத்தச் சொல்லுடி. எனக்கு வேணாம்."

"வச்சுக்குங்கக்கா. இங்க இருந்து மட்டும் என்ன..."

"எனக்கு இருந்துச்சுடி."

"என்ன இருந்துச்சு?"

"கரண்டு. எம் பேட்டரி நெறஞ்சு இருந்துச்சு. எப்பவும் நெறஞ்சுதான் இருந்துச்சு. நாந்தான் இல்ல இல்லன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். நான் சொல்லிச் சொல்லி அந்தப் பெட்டியும் சொல்லிடுச்சு. நீ கொடுத்தது எனக்குத் தேவையே இல்லடி. ஒண்ணுக்கும் ஒதவல." பேசப் பேச அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி பொய் சொல்லிவிடுவோம் என்று பயந்தவள் போல ஒரே மூச்சில் கொட்டினாள்.

பரிமளம் புரியாதவளைப் போலப் பார்த்தாள். "எப்பவுமேன்னா... அன்னைக்குமா?"

"அன்னைக்கும்."

அறைவாள் என்று நினைத்தாள் செங்கமலம். மண்ணை வாரித் தூற்றுவாள், என் வீட்டு வாசலை மிதிக்காதே என்பாள் என்று நினைத்தாள். ஏதாவது ஒன்று நடக்காதா என்று அவள் மனசு கெஞ்சியது. பரிமளம் அழக்கூட இல்லை. வேட்டி சுற்றிய மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, சுவரிலிருந்த பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இந்தா" என்றாள் அதனிடம். "இனிமே எங்கிட்ட கேக்காம யாருக்கும் கொடுக்காத."

"சரி" என்றது பெட்டி.

பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில், பரிமளத்தின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து செங்கமலம் கேட்டதே இல்லை.